விற்றவன் கேட்கும் பொறுமை

காசு கொடுத்து வாங்கிய பொருளில் குறை கண்டவன், விற்றவனிடம் சென்று நியாயம் கேட்பது சாந்தியையும் திருப்தியையும் பெருங்குணங்களாகப் போற்றும் சமயநெறிக்கு ஒத்த செயல்தானா என்ற கேள்வி பட்டணத்து நுகர்வோர் கூட்டங்களில் எழுவதில்லை. ஆழ்வார்திருநகரியில், விடியற்காலையில் ஆதிநாதர் சந்நிதியில் பாசுரம் கேட்டுவிட்டுத் திண்ணைக்குத் திரும்புகிறவர்களிடையே அது மெய்யாகவே எழக்கூடும். மாடவீதிக் குடும்பம் ஒன்று திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு குளிர்பதனப்பெட்டி வாங்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய நான்காம் நாளே பெட்டி குளிரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடையில் கேட்டால் கம்பெனிக்குப் போன் செய்யச் சொல்வார்கள். கம்பெனி அனுப்பிய மெக்கானிக், கதவைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, இந்த ஊர் வோல்டேஜ்தான் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர், "போகட்டும் விடுங்கோ ஸ்வாமி, நம் பிராப்தம் இவ்வளவுதான்" என்பார். தெருமுனையில் நிற்பவர், "சவத்தை விட்டுத் தள்ளும் வே, கோர்ட்டு கீர்ட்டுன்னு அலையவா போறீரு" என்பார். பின்னவர் சொல்வது அலுப்பு. அதற்குப் பதில் எளிது. முன்னவர் சொல்வது ஒரு சித்தாந்தத்தின் சாயலுடையதாகையால் அதை நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

இவ்வூருக்கு அந்தச் சித்தாந்தம் அந்நியமானதன்று. 1370-ஆம் ஆண்டில் இங்கே அவதரித்த மணவாள மாமுனிகள், பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணத்துக்கு வியாக்கியானம் செய்தவர்; அந்நூலின் வழிவந்த தென்கலை ஆசாரியர்கள் பகவானுடைய வாத்ஸல்யம் என்னும் குணத்துக்குச் சொல்லும் பொருள், சமய வரலாற்றிலேயே துணிச்சலான கருத்துக்களில் ஒன்று என்று கூறத் தயங்கமாட்டேன். சரணம் என்று வந்த ஜீவனுடைய தோஷங்களை இறைவன் காணாதவன்போல இருக்கிறான் என்பது வடகலையார் கொள்கை. தென்கலையாரோ, ஈன்ற பசு கன்றின் உடம்பிலுள்ள அழுக்கைத் தானே நக்கி உண்பதுபோல, இறைவன் அந்தத் தோஷங்களையே போக்கியமாகக் கொள்கிறான் என்று ஓரடி மேலே சென்றார்கள். போதாததற்கு, ஜீவன் பகவானுடைய உடைமை, பகவான் உடையவன், உடைமையைத் தேடிப் பெறும் முயற்சி உடையவனுடையதே என்று சொத்துரிமையின் பாஷையிலேயே இந்த உறவை அவர்கள் விளக்கினார்கள். ஆகவே, குறையோடு கூடிய பொருளைக் குறையோடேயே ஏற்கும் ஒரு சுவாமியை நாள்தோறும் வணங்குகிறவன், குளிராத பெட்டிக்காகக் கடைக்காரனோடு வழக்காடலாமா என்று பெரியவர் கேட்பாரானால், அது பரிகசித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று.

ஆனால் அந்த உறவில் குறையை ஏற்பவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்பவன் பெறுகிறவன், கொடுப்பவனோ, அப்படியொருவன் உண்டென்றால், தன் குறையைக் கூசாமல் எடுத்துச் சொல்லி, ஆகிஞ்சன்யம் என்னும் வெறுங்கையோடு நிற்பவன். தன்னிடம் தோஷமே இல்லையென்று சாதித்துக்கொண்டு, இருக்குமானால் அது வாங்குகிற உன் வீட்டு மின்சாரத்தின் தோஷம் என்றும் சொல்லிக்கொண்டு, அதே மூச்சில் நீ வாத்ஸல்யத்தோடு இருக்கவேண்டும் என்று எந்தச் சரணாகதனும் பேசியதில்லை. பொறுமை வாங்கியவனிடம் பிறக்கும் தர்மம். அவன் மனமுவந்து கொடுத்தால் அது கிருபை. அதை விற்றவன் தனக்குச் சேரவேண்டிய பாக்கியைப்போலக் கேட்டு வாங்கத் தொடங்கினால் அதற்கு வேறு பெயர் இட வேண்டும். கிருபைக்கு ஹேது கிடையாது என்று வாதித்த ஆசாரியர்களின் ஊரில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பொறுப்பவன் யாருக்காகப் பொறுக்கிறான் என்பதும் ஒன்று உண்டு. அந்தப் பெட்டி மோரும் மாவும் வைப்பதற்கு மட்டும் வாங்கப்பட்டதன்று. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டி இருக்கக்கூடும். திறக்காத இன்சுலின் குப்பியை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவேண்டுமென்பது வைத்திய விதி. சித்திரை வெயிலில் அது கெட்டுப்போவதைப் பேரன் பொறுத்துக்கொள்வது பேரனுடைய பொறுமையாகாது. பாட்டியின் உடம்பைக் கொண்டு அவன் செய்யும் தானம் அது.

பிராப்தம் என்ற வாதத்தில் அதிகநேரம் தங்க வேண்டாம். பெட்டி கெட்டுப்போனது என் கர்மத்தின் பலன் என்றால், கடைக்காரருக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வருவது அவருடைய கர்மத்தின் பலன் என்று முடித்துவிடலாம். கர்மத்தை நம்பியவர்களே வழக்குக்கான விதிகளை நுணுகி நுணுகி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே தக்க பதில். மநு வகுத்த பதினெட்டு விவகாரபதங்களில், அதாவது வழக்கு வகைகளில், விற்றும் வாங்கியும் பின் மனம் மாறுவது ஒன்று. பத்து நாளைக்குள் பொருளைத் திருப்பலாம், திருப்பிப் பெறவும் செய்யலாம் என்பது அங்கே விதி. கௌடில்யரும் தம் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். யாஞ்ஞவல்கியர் இன்னும் நுட்பமாக, விதைக்குப் பத்து நாள், இரும்புக்கு ஒரு நாள், பாரம் சுமக்கும் மிருகத்துக்கு ஐந்து நாள், ரத்தினத்துக்கு ஏழு நாள், கறவைக்கு மூன்று நாள் என்று பரீட்சைக்குரிய காலத்தைப் பொருளின் சுபாவத்தை ஒட்டியே வகுத்தார். கறவையின் குறை மூன்று நாளில் தெரியும், விதையின் குறை முளைக்கும்வரை தெரியாது என்ற உழவனுடைய அறிவு அதில் இருக்கிறது. முன்னோர் பெருமை பேசிப் பூரிக்கும் முன் மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதே பட்டியலில், ரத்தினத்துக்கும் கறவைக்கும் நடுவே அடிமைப்பெண்ணுக்கு ஒரு மாதமும், கறவையை அடுத்து அடிமை ஆணுக்கு அரை மாதமும் பரீட்சைக் காலமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ரோமாபுரியிலும் சந்தையைக் கண்காணித்த அதிகாரிகள் முதன்முதல் விற்பவனை மறைந்த குறையை வாய்விட்டுச் சொல்லும்படி கட்டாயப்படுத்தியது அடிமை வியாபாரத்திலும் கால்நடை வியாபாரத்திலும்தான்; சொல்லாதுவிட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். மனிதனை விற்ற சந்தையிலிருந்தே வாங்குபவனுடைய உரிமை உலகுக்கு வந்தது என்பது எண்ணிப் பார்க்க இனிமையான விஷயமன்று.

அந்த ரோமாபுரியில், கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன், ஸிஸரோ தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்ஸாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டுவரும் ஒரு வியாபாரியைக் கற்பனை செய்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை அவன் அறிவான். அதைத் தீவினருக்குச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்றுக்கொள்ளலாமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், வாய்மூடி இருப்பது வஞ்சிப்பதாகாது என்றார் டயோஜினிஸ் என்னும் ஸ்டோயிக ஞானி. மனிதருக்கெல்லாம் பொதுவான நன்மைக்குக் கட்டுப்பட்டவன் அறிந்ததை மறைக்கலாகாது என்றார் அவர் மாணாக்கர் அன்டிபேட்டர். ஸிஸரோ மாணாக்கர் பக்கம் நின்றார். ஆங்கிலேயச் சட்டமோ நெடுங்காலம் குருவின் பக்கமே சாய்ந்து, வாங்குகிறவனே விழித்திருக்கக் கடவன் என்று சொல்லிவந்தது. 1603-இல், விஷமுறிவுக்கு உதவும் அரிய கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லன் நூறு பவுனுக்கு விற்ற கல் அப்படிப்பட்டதாக இல்லாதபோது, அவன் அதற்கு உறுதிமொழி எதுவும் கொடுக்கவில்லை என்று வழக்கு தோற்றது. நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் அந்தப் பழைய விதியிலேயே தொடங்குகிறது. ஆயினும் விலக்குகளை அடுத்தடுத்துச் சொல்லி, வியாபாரமாகவே அப்பொருளை விற்பவனிடம் வாங்கினால் அது விற்பனைக்கு ஏற்ற தரமுடையதாக இருக்கவேண்டும் என்று முடிக்கிறது.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பக்கத்தில், நம்மூரிலிருந்து அதிக தூரமில்லாத காயல்பட்டினத்தில், தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்துவரும் முஸ்லிம்களின் மார்க்கத்தில் இந்தக் கேள்விக்கு ஐயமே இல்லை. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம், மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைக்கலாகாதா என்று வியாபாரியைக் கடிந்துகொண்டதாக ஹதீஸ் கூறுகிறது. குளிர்பதனப்பெட்டி விஷயத்தில் இந்தக் கதைக்கு ஒரு சங்கடம் உண்டு. குவியலில் கைவிடலாம், அட்டைப்பெட்டிக்குள் முத்திரையிட்டு வரும் கம்ப்ரஸருக்குள் யார் கைவிடுவது? விற்கும் கடைக்காரரும் அதைத் திறந்து பார்த்தவரல்லர். இருவரும் அறியாத குறைக்கு யார் பொறுப்பாளி என்று கேட்டால், அந்தப் பொருளால் ஆதாயம் பெற்றவர்களும் அதை உண்டாக்கியவரும்தான் என்று சொல்வதைத் தவிர யுக்திக்கு வேறு வழி தெரியவில்லை.

இத்தனை சொன்னபின்னும் மிகக் கடினமான பகுதி எஞ்சியிருக்கிறது. பெட்டி பழுதானதாகத் தோன்றுகிறது. தோன்றுவது எல்லாம் அப்படியே இருப்பதில்லை. ஸ்டெபிலைசர் இல்லாமல் மாட்டியிருக்கலாம். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டியைச் சில மணிநேரம் நிறுத்திவைக்காமல் அவசரமாக ஓட்டியிருக்கலாம். மெக்கானிக் சொன்னது சாக்காகவும் இருக்கலாம், சத்தியமாகவும் இருக்கலாம். தோற்றத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்வதன் அபாயத்தை இவ்வூரின் ஸ்தலபுராணமே அறியும். அழாமலும் பால் உண்ணாமலும் கிடந்த குழந்தையைக் காரியாரும் உடையநங்கையாரும் இங்குள்ள புளியமரத்தடியில் விட்டார்கள் என்றும், பதினாறு ஆண்டு மௌனமாக வீற்றிருந்த அந்தப் பிள்ளையே நம்மாழ்வார் என்றும் ஐதிகம் சொல்லுகிறது. மனிதப்பிறவியைச் சந்தைச் சரக்கோடு ஒப்பிடும் அபசாரத்துக்கு நான் வரவில்லை. வடதேசத்திலிருந்து ஒளியைப் பின்பற்றி வந்த மதுரகவிகள் என்ன செய்தார் என்பதையே நினைவூட்ட விரும்புகிறேன். பார்த்த மாத்திரத்தில் ஞானியென்றும் விழவில்லை, ஊமையென்றும் திரும்பிவிடவில்லை. எதிரே ஒரு கல்லைப் போட்டு, கண் திறக்கிறதா என்று பார்த்து, பிறகு கேள்வி கேட்டார். பக்தியிலும்கூடப் பரீட்சைக்கு இடமுண்டு என்று கொள்வதில் பெரியோர் எவரும் குற்றம் கண்டதில்லை.

சட்டம் இந்த இடத்தில் மதுரகவிகளின் வழியிலேயே நடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பரிசோதனையின்றிக் குறையை நிர்ணயிக்க முடியாதபோது, மாவட்ட ஆணையம் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாளைக்குள் அறிக்கை பெறவேண்டும் என்று 38-ஆம் பிரிவு சொல்லுகிறது. அதற்கான கட்டணத்தை முறையீடு செய்தவரே முன்கட்ட வேண்டும் என்பதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. சந்தேகத்துக்கு ஒரு விலை வைத்தால்தான் வீண்பழிக்கு நாக்கு எழாது. பழைய சட்டத்திலோ, அற்பமான அல்லது வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் புகாருக்குப் பத்தாயிரம் ரூபாய்வரை செலவுத்தொகை விதிக்கவும் இடம் இருந்தது.

முன்னெல்லாம் கடை இருக்கும் ஊருக்கோ வழக்குக்குக் காரணம் பிறந்த ஊருக்கோ போய்த்தான் முறையிட வேண்டும். 1986 அக்டோபரில் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து தூத்துக்குடி ஜில்லா பிரிந்து ஆழ்வார்திருநகரி அதில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நுகர்வோர் சட்டம் பிறந்தது. ஆகவே ஜங்ஷனில் வாங்கியவன் ஜில்லா தாண்டி அலையவேண்டியிருந்தது. இப்போதைய சட்டம் வாங்கியவன் குடியிருக்கும் இடத்திலேயே முறையிட அனுமதிக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் அவசியமில்லை, காரணம் பிறந்து இரண்டு ஆண்டுக்குள் வந்தால் போதும். குறையுள்ள பொருளை, பில்லில் கண்ட கெடுவுக்குள்ளோ, கெடு ஒன்றும் குறிக்கப்படாதிருந்தால் முப்பது நாளுக்குள்ளோ திரும்பப்பெற மறுப்பதை முறையற்ற வியாபாரம் என்றே சட்டம் பெயரிடுகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சிட்டுவிட்டால் தீர்ந்தது என்று நம்பும் கடைக்காரர்கள் யாஞ்ஞவல்கியரையும் படித்ததில்லை, இதையும் படித்ததில்லை. அதற்காக வாங்கியவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. ஒரு மோட்டார்க் காரின் கிளட்சில் குறை இருந்த வழக்கில், வாரண்டி சொல்லுவது குறையுள்ள உறுப்பை மாற்றுவதையே, காரையே மாற்றுவதையன்று என்று 2006-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்ப்ரஸர் ஒன்றை மாற்றினால் தீரும் பழுதுக்குப் புதுப்பெட்டியே வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறவர், விற்றவனுக்கு நாம் மேலே விதித்த சத்தியத்தைத் தமக்கும் விதித்துக்கொள்ள வேண்டும்.

இனி, மனுவின் கடைசிப் பத்தி. நஷ்டஈட்டோடு, 'மன உளைச்சலுக்காக' இத்தனை ஆயிரம் ரூபாய் என்று ஒரு வரி எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதித் தருபவர்கள் அதைக் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள். ஆணையங்களும் பல வழக்குகளில் அதற்குத் தொகை அளித்திருக்கின்றன; மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்ட ஒரு குடும்பத்தலைவிக்கோ, மருந்து கெட்டுப்போய்த் தவித்த பாட்டிக்கோ அது தகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் பெரியவர் இருக்கிறாரே, பெட்டி குளிர்ந்தாலும் குளிராவிட்டாலும் தம் சித்தம் சலிக்கவில்லை என்று திண்ணையிலிருந்தபடி மெய்யாகவே சொல்லக்கூடியவர், அவர் பேரில்தான் பில் இருக்கிறது, அவர்தான் மனுவில் கையெழுத்திட வேண்டும். விலையைத் திருப்பிக் கேட்பதற்கு அவருடைய வைராக்கியம் தடையாகாது என்று இவ்வளவு நேரம் வாதித்தேன். அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் தம் கையாலேயே அடித்துவிட்டுக் கையெழுத்திடட்டும். படாத துயரத்துக்கு விலை கேட்பதும் குறையை மறைத்து விற்பதும் ஒரே கணக்கில் சேரும்.