உறைபனியும் உரிமையும்

மலையகத்துப் பேச்சு வழக்கிலே 'தோட்டம்' என்னும் சொல் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. பல நூறு ஏக்கர் பரப்பில் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கும் தேயிலைப் பெருந்தோட்டம் ஒன்று. லயத்தின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் தொழிலாளி தன் குடும்பத்துக்கென்று கொத்திப் பயிரிடும் சிறிய மரக்கறித் தோட்டம் மற்றொன்று. முன்னையதில் விளைவது உலகச் சந்தைக்குச் செல்கிறது. பின்னையதில் விளைவது முதலில் அடுப்படிக்குச் செல்கிறது, எஞ்சினால் அயலிலுள்ள கடைக்குப் போகிறது. இரண்டையும் பண்படுத்துவது ஒரே கை. இரண்டுமே அந்தக் கைக்குச் சொந்தமில்லாதவை. இவற்றுள் சிறியதைப் பற்றி, அதிலும் நம்பகமற்ற குளிர்காலத்தில் அதனைப் பேணுவதைப் பற்றி, இங்கே சிந்திக்க முற்படுகிறோம். அற்ப விடயம் போலத் தோன்றினும், மனித உழைப்பின் அறம் பற்றிய வினாவொன்று இதனுள்ளே அடங்கிக் கிடக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதனைச் சூழவுள்ள மலைகளில் ஆண்டின் கடைசி மாதங்களும் புத்தாண்டின் முதல் மாதங்களும் பயிர் செய்வோருக்குச் சோதனைக் காலமாகும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகீழ்ப் பருவமழை விதைத்த விதையை அடித்துச் செல்லலாம்; நாற்றின் வேரை அழுகச் செய்யலாம்; மூட்டமும் ஈரமும் நீடித்தால் உருளைக்கிழங்கில் வெளிறல் நோய் பரவலாம். ஜனவரியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் எதிரி வேறு உருவில் வருகிறான். முகிலில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வெட்டவெளிக்கு இழந்துவிடுகிறது. பாரமான குளிர்காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களிலே தேங்குகிறது. விடியும்போது புல்லும் இலையும் வெண்பனி பூத்து நிற்கின்றன. காண்பதற்கு அழகான காட்சிதான். உல்லாசப் பயணிகள் அதனைப் படம் பிடிக்கின்றனர். வெயில் ஏறிய பின்னரோ போஞ்சிக் கொடியும் உருளைக்கிழங்குச் செடியும் சுடுநீர் ஊற்றியது போலக் கருகிச் சாய்கின்றன.

இப்பனி ஆண்டுதோறும் ஒரே தினத்தில் வருவதில்லை. ஓராண்டு பல நாட்கள் தொடர்ந்து கொட்டும். மற்றோராண்டு எட்டியும் பாராது. பருவநிலை மாற்றத்தினால் மழையின் காலமும் அளவும் முன்னைய கணக்குகளுக்கு அடங்காமற் போகும் இந்நாட்களில், மூத்தோரின் அனுபவ அறிவுகூட முழுத்துணையாக நிற்பதில்லை. ஆயினும் அவர்கள் பயிரிடுகிறார்கள். குளிரைத் தாங்கும் லீக்ஸையும் கோவாவையும் ஒரு புறமும், தாங்காத போஞ்சியை மேட்டுப் பக்கமும் நடுகிறார்கள். எல்லா விதையையும் ஒரே நாளில் இடாமல் வாரக் கணக்கில் இடைவெளி விட்டு விதைக்கிறார்கள். பழைய சாக்குகளையும் காய்ந்த புல்லையும் கொண்டு நாற்றுகளை மூடுகிறார்கள். வெயில் படுமுன் தண்ணீர் தெளித்து இலையிலுள்ள பனியைக் கழுவுகிறார்கள்.

பயன் கிடைக்குமென்ற உறுதி இல்லாதவிடத்து இவ்வளவு உழைப்புக்கு என்ன நியாயம் உண்டு? இதுவே நம் வினா.

இதற்கு நம் சமுதாயத்தில் வழிவழியாக வழங்கிவரும் விடைகள் இரண்டு. முதலாவது, விதி என்பது. கிடைக்க வேண்டியது கிடைக்கும், போக வேண்டியது போகும் என்று அது சொல்லும். இரண்டாவது சற்று உயர்ந்த தளத்தில் நின்று பேசுகிறது: பலனில் பற்று வையாது கடமையைச் செய் என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை போலத் தோன்றினும், விளைவைப் பற்றிக் கேள்வி எழுப்பாதே என்று போதிப்பதில் ஒன்றுபட்டு நிற்கின்றன. இவ்வறிவுரைகளைப் பாத்தியருகே கொண்டுசென்று பார்த்தால் அவற்றின் வெறுமை புலனாகும். விதியை முற்றாக நம்புபவன் நாற்றைச் சாக்கினால் மூட மாட்டான். பலனில் பற்றில்லாதவன் விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமக்க மாட்டான். பயிரிடுவோன் பலனை விரும்புகிறான், விரும்புவதனாலேயே கவனிக்கிறான், கவனிப்பதனாலேயே கற்கிறான். பற்றே இங்கு அறிவின் ஊற்றாக இருக்கிறது. பிள்ளையின் சோற்றுக்குக் கறி வேண்டும் என்ற ஆசையைத் துறக்குமாறு ஒருவருக்கு உபதேசிப்பது, அந்தக் கறிக்கு வேறு வழி உள்ளவர்களுக்கே இயலும்.

எனவே வினாவை வேறு விதமாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிச்சயமின்மை என்று நாம் ஒரே சொல்லாற் குறிப்பதில் உண்மையில் இரண்டு கூறுகள் உள்ளன. பனி எந்த இரவில் இறங்கும் என்பது இயற்கையின் பாற்பட்டது. அதற்கு எவரும் குற்றவாளியல்லர். அப்பனியால் வரும் நட்டம் யார் தலையில் விழும் என்பது சமுதாயத்தின் பாற்பட்டது. அதற்கு மனிதர் பொறுப்பாளிகள். குளிர்காற்று பள்ளத்திலே தேங்குவது பௌதிக விதி. ஆனால் நல்ல சரிவுகளெல்லாம் தேயிலைக்குப் போக, தேயிலைக்கு உதவாத பள்ளமும் ஓடைக்கரையும் தொழிலாளியின் பாத்திக்கென்று எஞ்சியது எந்தப் பௌதிக விதியினால்?

வரலாறு இதற்குக் கொடிய சான்றொன்றைத் தருகிறது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்ததும் நம் மலைநாட்டுப் பாத்திகளுக்கு வரும் அதே வெளிறல் நோய்தான். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அதே காலத்தில் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. கிழங்கை அழுகச் செய்தது இயற்கை. பஞ்சத்தை உண்டாக்கியது நிலவுடைமை.

நம் நாட்டின் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராக்கிய மக்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பறிக்கப்பட்டது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டனர். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. உழைத்தவருக்கோ ஒரு சாண் நிலமும் உரித்தாகவில்லை. அதே தசாப்தத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், உணவு உற்பத்தியைப் பெருக்குவோம் என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. பயிரிட நிலமில்லாத தோட்ட மக்களிடையே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து எழுந்த போராட்டத்திலே, 1977 மே 11ஆம் திகதி, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அண்மைக் காலத்து வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று அளவிடப்பட்டது. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். அதனைத்தானும் பெறாது லயக்காம்பராக்களில் வாழ்வோர் இன்னும் ஏராளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மண்சரிவினால் மிகக் கொடிதாகத் தாக்குண்ட பிரதேசங்களுள் மலையகமும் ஒன்று. பாதுகாப்பான நிலத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லாதவனுக்கு மழையும் பனியும் வெறும் காலநிலையல்ல.

இங்கே நம் அணியைச் சேர்ந்தவர்களே எழுப்பக்கூடிய ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். எங்கெல்ஸ் தமது 'குடியிருப்புப் பிரச்சினை' என்னும் நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1887இல் எழுதிய முன்னுரையில், வீடும் சிறு தோட்டமும் உடைய ஜேர்மன் கிராமத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். தொழிலாளி தன் தோட்டத்திலிருந்து பெறும் உணவின் பெறுமதியை முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொள்கிறான் என்பதே அவர் கண்ட முடிவு. முற்காலத்தில் ஓரளவு சுகவாழ்வின் அடிப்படையாயிருந்த தோட்டம், முதலாளித்துவத்தின் கீழ் மலிவுக் கூலியின் அடிப்படையாகிவிடுகிறது. அப்படியானால் லயத்தோரத்து லீக்ஸ் பாத்தி கம்பனியின் செலவைக் குறைக்கும் சாதனந்தானே? அதனைப் போற்றுவது சுரண்டலைப் போற்றுவதாகாதா?

இம்மறுப்பில் பேருண்மை உண்டு. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கு எத்துணைப் போராட்டங்கள் தேவைப்பட்டன என்பதை நாம் அறிவோம். கூலியால் மட்டும் வாழ முடியாத நிலையே பலரைப் பாத்திக்குத் துரத்துகிறது. மேலும், ஆள்வோருக்கு வீட்டுத் தோட்டத்தின் மீது திடீரென்று அன்பு பிறக்கும் வேளைகளை நாம் ஐயத்தோடு நோக்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே கட்டளையால் தடைசெய்து விளைச்சலை வீழ்த்திய அரசாங்கம், 2022 ஜூன் மாதத்தில் பொதுத்துறை ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்னது. ஆட்சியின் தவறு குடிமகனின் மண்வெட்டிக்குக் கைமாற்றப்பட்டது. கொத்துவதற்கு நிலமில்லாதவன் பற்றி அவ்வறிவிப்பில் எதுவுமில்லை.

ஆயினும் எங்கெல்ஸின் ஆய்விலிருந்து பாத்தியைப் பிடுங்கியெறிய வேண்டும் என்ற முடிவு நம் மண்ணிலே பெறப்படாது. இங்கு மரக்கறிப் பாத்தி தோட்டத் துரையின் அனுமதியால் நிலைப்பது. அனுமதி நீங்கினால் நீங்குவது. தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைக்கும் கயிறாக அது இருப்பது இதனாலேயே. நிலம் உரிமையாகும்போது, கூலிப் போராட்டக் காலத்தில் சில நாட்களேனும் அடுப்பு எரிவதற்கு அதே பாத்தி துணையாக நிற்கும். அடிமைப்படுத்துவதும் விடுவிப்பதும் கோவாவிலும் கரட்டிலும் இல்லை. உறுதிப் பத்திரத்தில் எவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே கூலியா, காணியா என்று ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்பது பொய்யான கேள்வி. காணியைக் காட்டிக் கூலியைக் குறைக்கவும், கூலியைக் காட்டிக் காணியை மறுக்கவும் இடமளியாது, இரண்டையும் ஒருங்கே கோருவதே சரியான நிலைப்பாடாகும்.

உரிமை கிடைத்தபின் குடும்பத்துக்குள்ளேயும் ஒரு கணக்குத் தீர்க்கப்பட வேண்டும். பகல் முழுதும் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணே, பெரும்பாலும், விடியுமுன் தண்ணீர் தெளிப்பவளும் மாலையில் நாற்றை மூடுபவளுமாக இருக்கிறாள். அவளுடைய மூன்றாவது வேலையின் மேல் எழுப்பப்படும் தன்னிறைவு அரைகுறை அறமே. உறுதிப் பத்திரத்தில் அவள் பெயரும், பாத்தியிலே ஆணின் கையும் சேர்ந்தாலன்றி நீதி முழுமை பெறாது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். உறுதியற்ற பயனுக்காக உழைப்பதன் நியாயம், அவ்வுழைப்பு மனிதரிடையே தோற்றுவிக்கும் உறவில் இருக்கிறது. ஒரே பயிரை நம்பாது பல பயிரை நடுவதும், ஒரே நாளை நம்பாது பல நாட்களில் விதைப்பதும், தன் நாற்று கருகியபோது அயல் வீட்டில் எஞ்சிய நாற்றை வாங்குவதும், தன்னிடம் எஞ்சியபோது கொடுப்பதும் நிச்சயமின்மையைப் பங்கிட்டுக்கொள்ளும் வழிகளே. ஒரு லயத்தின் மக்கள் தமக்குள்ளே இயல்பாகச் செய்துகொள்ளும் இதனை ஒரு நாடு தன் மக்கள் அனைவருக்கும் செய்ய முடியாதா? பயிர்க் காப்புறுதியும், நியாய விலையும், விதைக் களஞ்சியமும், மண்சரியாத நிலத்தில் வீடும் வேறென்ன? நாற்றைப் பகிரும் அயலவரின் அறம் சட்டமாகவும் நிறுவனமாகவும் வளர்ந்த வடிவங்களே அவை.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமக்கு இதிலே ஒரு கடமை உண்டு. மலையகத்து உழைப்பாளியின் பொறுமையைப் புகழ்ந்து எழுதுவது எளிது. நெடுங்காலமாக எழுதியும் வந்திருக்கிறோம். பொறுமையைப் புகழ்வது, அதனைத் தேவையாக்கிய அநீதியை மறக்கச் செய்யுமானால் அப்புகழ் அவர்களுக்கு உதவாது. பள்ளிக்கூடத்தில் பனி எவ்வாறு உண்டாகிறது என்று கற்பிக்கும் அதே வகுப்பில், அப்பனி தேங்கும் பள்ளத்தில் ஒரு சாரார் மட்டும் பயிரிட நேர்ந்தது எவ்வாறு என்பதையும் கற்பிப்போம். முன்னையதை மாற்ற நம்மால் இயலாது. பின்னையது மனிதர் செய்தது, மனிதரால் மாற்றத்தக்கது.