சம்மதம் பாவத்தைக் கழுவுமா?

இருவர் மனமொப்பிப் போர்புரிகையில், அவர்களுள் ஒருவன் மற்றவனுக்கு எவ்வகையிலும் நிகரல்லன் என்பதை முன்னரே அறிந்திருந்தும், அப்போரைக் கூட்டிவைத்து அதன் வருவாயைக் கைக்கொள்ளும் மூன்றாமவனை அதர்மம் சேருமா, சேராதா? ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தலைமுறைக்குத் தலைமுறை ஏதேனுமொரு போட்டியை முன்னிட்டு இவ்வினா எழுந்துகொண்டேயிருக்கிறது. 'இது போட்டியன்று, பலி' என்பர் ஒரு சாரார். 'வயதும் அறிவும் முதிர்ந்த ஒருவன் விளைவுணர்ந்து கையொப்பமிட்டிருக்கையில் அவனைத் தடுக்க நீர் யார்?' என்பர் மற்றொரு சாரார். ஈற்றில் இவ்வாதம், போட்டியை ஏற்பாடு செய்யும் புரமோட்டரின் பேராசையை வைதுவிட்டு ஓய்ந்துபோகிறது. பேராசையை வைவது எளிது. ஆனால் அதனால் வினா தீர்ந்துவிடுவதில்லை.

1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரத்தில் முகம்மது அலியும் லாரி ஹோம்ஸும் பொருத போட்டியை எண்ணிப் பார்ப்போம். அலிக்கு அப்போது வயது 38. போட்டிக் களத்தைவிட்டு விலகி இரண்டாண்டுகள் கழிந்திருந்தன. ஹோம்ஸோ தோல்வியே கண்டிராத 30 வயது வீரர். ஒரு காலத்தில் அலியிடமே சம்பளம் பெற்று அவருடைய பயிற்சிக்குத் துணையாகக் குத்துச்சண்டையிட்டவர். ஆசானின் பலமும் பலவீனமும் அவருக்கு மனப்பாடம். ஏற்பாட்டாளர் டான் கிங். அலிக்கு வாக்களிக்கப்பட்ட தொகை 80 லட்சம் டாலர். அதே ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிக்காகச் சண்டையிட்டதையும், அவரைக் கண்ணாரக் காண நம் மக்கள் திரண்டதையும் நினைவுகூர்வோர் இன்றும் உளர். அன்று அவர்கள் கண்டது புகழின் திருமேனி. லாஸ் வேகாஸில் அடிபட்டதோ வெறும் மானிட உடல். தைராய்டு மருந்தை உட்கொண்டு எடையைக் குறைத்திருந்தமையால் தோற்றத்தில் இளமை திரும்பினாற்போலிருந்த அவ்வுடலில், எழுந்து நிற்கும் வலிமைக்கு மேல் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. பத்துச் சுற்றுகளில் ஒன்றைக்கூட அவர் வென்றதாக நடுவர்கள் எழுதவில்லை. வென்ற ஹோம்ஸ் பின்னர் அழுதார்.

புரமோட்டரின் தரப்பில் சொல்லத்தக்க நியாயம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1974-இல் கின்ஷாசா நகரத்தில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்த்து அலி களமிறங்கியபோதும் உலகம் இவ்வாறே அஞ்சிற்று. ஃபோர்மனுக்கு 25 வயது, அலிக்கு 32. அலி உயிரோடு மீள்வாரா என்று அவருடைய அன்பர்களே கலங்கினர். அப்போட்டியையும் கூட்டிவைத்தவர் இதே டான் கிங். எட்டாம் சுற்றில் வீழ்ந்தவர் ஃபோர்மன். 'அன்று உங்கள் கருணையைக் கேட்டு நான் பின்வாங்கியிருந்தால் அந்த அற்புதம் நிகழ்ந்திருக்குமா?' என்று டான் கிங் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

இரண்டு போட்டிகளிலும் பொருளாசை ஒன்றே; ஆகவே வேற்றுமை ஆசையில் இல்லை, அறிவில் இருக்கிறது. கின்ஷாசாவில் எவரும் முடிவை அறியார்; ஐயம் உண்மையான ஐயம். லாஸ் வேகாஸ் போட்டிக்கு முன்னரோ அலியை மேயோ மருத்துவ நிலையத்தார் பரிசோதித்திருந்தனர். போட்டியைத் தடைசெய்வதற்குரிய குறை எதுவும் இல்லை என்றே அவர்கள் முடிவாகச் சொன்னார்கள்; எனினும், விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது குறி சற்றுத் தவறியதும், ஒற்றைக் காலில் தாவும்போது எதிர்பார்த்த லாகவம் இல்லாமையும் அவ்வறிக்கையிலேயே பதிவாகியிருந்தன. நெவாடா மாநில ஆணையம் அனுமதி வழங்கிற்று. சட்டம் திருப்தியடைந்தது. ஆனால் விரல் குறிதவறும் ஒருவரை, இமைப்பொழுதில் முகத்தை நோக்கி வரும் முட்டியின் முன் நிறுத்துவது எத்தகையது என்று அறிய வைத்திய சாஸ்திரம் வேண்டுமா? புரமோட்டர் விற்பது ஐயத்தை. யார் வெல்வார் என்ற ஐயத்துக்காகவே மனிதர் பணம் கொடுக்கின்றனர். ஐயத்துக்கு இடமில்லை என்றறிந்தும் அதனை விற்பவனிடத்தில், ஹிம்சைக்கு முன்னதாகவே அசத்தியம் குடிபுகுந்துவிடுகிறது.

நம்முடைய இதிகாசம் இதனை ஆழ்ந்து சிந்தித்திருக்கிறது. குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்குமுன் இருதிறத்தாரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தேரோனைத் தேரோனும் யானைவீரனை யானைவீரனும் எதிர்க்கவேண்டும். சோர்ந்தவனையும் புறமுதுகிட்டவனையும் தாக்கலாகாது. அவ்விதிகள் பதினெட்டு நாளில் ஒவ்வொன்றாக முறிந்தன. ஆயினும் முறிந்ததை அதர்மம் என்று சொல்வதற்கு விதி இருந்தது. அதனினும் வியப்பு, மடுவிலிருந்து எழுந்த துரியோதனனிடம் யுதிஷ்டிரன், 'எங்கள் ஐவருள் எவனையேனும் எதிர்த்து வென்றால் அரசு உனதே' என்று வாக்களித்த இடம். அவ்வாக்கைக் கேட்டுக் கண்ணன் சினந்தான். நகுலனையோ சகதேவனையோ அவன் கேட்டுவிட்டால் என்ன செய்வது? ஆனால் துரியோதனன் எளியவனைத் தேடவில்லை. பீமனோடு பொருதான். அவனுடைய பாவங்கள் அனைத்தையும் அறிந்த பின்னும் அந்த ஒரு கணத்தில் என் தலை அவனுக்குத் தாழ்கிறது. தனக்கு நிகரல்லாதவனோடு பொருது பெறும் வெற்றி வெற்றியன்று என்ற உணர்வு, கெட்டவனிடத்தும் எஞ்சி நிற்கத்தக்க கடைசி அறம் போலும்.

இனிச் சம்மதத்துக்கு வருவோம். அலி விரும்பியே வந்தார். நான்காம் முறையாகப் பட்டம் வெல்லவேண்டும் என்ற வேட்கையும், பணத் தேவையும், தம்மைப் பற்றித் தாமே சொல்லிவந்த புகழுரையில் கொண்ட நம்பிக்கையும் அவரை அழைத்து வந்தன. யுதிஷ்டிரனும் சூதுக்கு விரும்பியே சென்றான். அவனை எவரும் கட்டியிழுத்துச் செல்லவில்லை; இரண்டாம் முறையும் தானே சென்றான். அதனால் சகுனியை நம் மரபு விடுதலை செய்துவிட்டதா? ஒருவனுடைய பலவீனம் எதுவென அறிந்து, அதன் வழியாகவே அவனிடம் சம்மதத்தை வாங்குபவன், அச்சம்மதத்தைத் தன் கேடயமாக உயர்த்துவது எவ்வாறு பொருந்தும்? மதுப்பழக்கமுள்ளவன் தானே குவளையை நீட்டினான் என்பது ஊற்றிக்கொடுத்தவனுக்கு நியாயமாகாது.

பார்வையாளரை மட்டும் விட்டுவிடுவதற்கில்லை. வாங்குவார் இருப்பதனாலேயே விற்பார் இருக்கின்றனர் என்ற கருத்தைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் நிறுவியிருக்கிறார். அந்தத் தர்க்கம் குத்துச்சண்டை மேடைக்கும் அப்படியே செல்லும். அகஸ்டின் முனிவர் தம் வாழ்க்கை நூலில் அலிப்பியஸ் என்னும் நண்பரைப் பற்றிச் சொல்கிறார். ரோமாபுரியில் வாட்போர் வீரர்களின் காட்சிக்குத் தோழர்களால் வலிந்து இழுத்துச் செல்லப்பட்ட அவர், காணமாட்டேன் என்று கண்களை மூடிக்கொண்டார். கூட்டத்தின் பேரொலி எழுந்ததும் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அக்கொடுமையின் இன்பத்துக்கு அடிமையானார். வீழ்ந்த வீரனின் உடலில் பட்ட காயத்தினும் கொடிய காயம் அவருடைய ஆன்மாவில் பட்டது என்கிறார் அகஸ்டின். அந்த அக்டோபர் இரவில் உலகெங்கும் திரைமுன் அமர்ந்திருந்தவர்களுள் எத்தனை பேர் அலிப்பியஸ்களோ!

போட்டி முடிந்த பின், பேசிய தொகையில் 10 லட்சம் டாலருக்கும் மேல் குறைந்ததாக அலி வழக்குத் தொடுத்தார். பிறகு 50,000 டாலர் ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் பஹாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்று ஓய்ந்தார். 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குரிய அறிகுறிகள் உறுதிசெய்யப்பட்டன. ஒரு போட்டியை மட்டும் சுட்டிக்காட்டி, அதனாலேயே இது விளைந்தது என்று கூற எனக்கு உரிமையில்லை. மனிதனுக்கு மனிதன் இழைத்த தீங்கை, அதற்கு ஆளானவனே மன்னிக்கவேண்டும் என்பது அலி தழுவிய இஸ்லாத்தின் போதனை. அவர் தம் பங்கை மன்னித்திருக்கலாம். அது அவருடைய பெருமை. மன்னித்தார் என்பதனால் செய்தவை செய்யப்படாதவை ஆகிவிடா.

சம்மதமே இறுதி நியாயம் என்று வாதிடுவோருக்கு லாஸ் வேகாஸ் போட்டியின் பத்தாம் சுற்று முடிவை நினைவூட்ட விரும்புகிறேன். அலி 'போதும்' என்று சொல்லவில்லை. சொல்லும் இயல்பினரும் அல்லர். அவருடைய உதவியாளர் பண்டினி, இன்னும் ஒரு சுற்று மட்டும் என்று மன்றாடினார். முதன்மைப் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி அதற்கு இணங்கவில்லை. அலியின் அனுமதியை எதிர்பாராமல், போட்டி முடிந்தது என்று நடுவரிடம் அறிவித்துவிட்டார். டண்டி செய்தது தவறென்று இதுவரை எவரும் சொல்ல நான் கேட்டதில்லை.