லாரிக்காரனின் கூலி

சென்ற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நம் பங்கைச் சேர்ந்த வாலிபன் ஒருவன் பங்குவீட்டுத் திண்ணையில் காத்திருந்தான். கல்குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். "சுவாமி, மலையை உடைத்து விற்கிற வேலையில் வாங்கும் சம்பளம் பாவச் சம்பளமா? அம்மா அப்படித்தான் சொல்லுகிறாள்" என்றான். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, எழுதலாமென்று அவனே சம்மதித்தான்.) அன்று அரைகுறையாகவே பதில் சொன்னேன்.

பூமியைத் தோண்டுவது பாவமல்ல. வாக்களிக்கப்பட்ட நாட்டின் கற்கள் இரும்பென்றும், அதன் மலைகளில் செம்பு வெட்டியெடுக்கலாமென்றும் உபாகமம் 8-ம் அதிகாரத்தில் காண்கிறோம். யோபு ஆகமம் 28-ம் அதிகாரமோ, சுரங்கத்தில் தொங்கி வேலைசெய்யும் மனிதனை நேரில் பார்த்தவர் எழுதியது போலிருக்கிறது. நம் கோவில் அஸ்திவாரமும் கல்தானே? ஆகையால் மலையைத் தொடாதே என்று ஒரு சட்டம் போட்டுவிட்டால் நீதி நிறைவேறிவிடும் என்போரோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் உழுவதற்கும் தோண்டுவதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. வயலில் அறுத்தது விளைச்சல். வரும் வருஷமும் விளையும். மலையில் எடுத்ததோ முதல். ஒரு தகப்பன் தோப்பிலுள்ள தேங்காயை விற்றுச் சாப்பிட்டால் யாரும் குறைசொல்லார். தோப்பையே விற்றுச் சாப்பிட்டுவிட்டு, "இந்த வருஷம் நல்ல வருமானம்" என்பானானால் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லுவான்? பூமியின் நன்மைகள் எல்லா மனிதருக்கும் உரியவை என்று திருச்சபை போதிக்கிறது. அந்த எல்லாரிலும் இன்னும் பிறவாதவர்கள் அடக்கமில்லையா?

கோவாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 2007 நவம்பரிலேயே குத்தகைக் காலம் முடிந்துபோன சுரங்கங்களில் 2012 வரை இரும்புத்தாது வெட்டிக் கப்பலேற்றினார்கள். அது சட்டவிரோதமென்று 2014 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. இனி வருஷத்துக்கு 2 கோடி டன்னுக்கு மேல் வெட்டலாகாது. விற்கும் தாதுவின் கிரயத்தில் நூற்றுக்குப் 10 வருங்காலச் சந்ததியாரை முன்னிட்டு நிரந்தர நிதியில் சேரவேண்டும் என்றும் விதித்தது. தசமபாகம் கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமான எண்ணமல்ல. ஆனால் 2012-ல் சுரங்கங்கள் நின்றபோது முதலில் முடங்கியது எது? கடன்பட்டு வாங்கிய லாரிகள். கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிகளின் குற்றத்துக்கு லாரிக்காரன் வட்டி கட்டினான்.

நாடு முழுமைக்குமாக 2015-ல் மத்திய சர்க்கார் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தியது. ராயல்டி தொகையைப்போல் நூற்றுக்கு 30 பழைய குத்தகைக்காரரும், 10 ஏலத்தில் புதிதாய் எடுத்தவரும் அதற்குக் கட்டவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரும்புத்தாதுவுக்கு ராயல்டி விலையில் நூற்றுக்கு 15. ஆக, நூறு ரூபாய்த் தாதுவில் தூசியும் வறண்ட கிணறுமாய் அவதிப்படும் ஊராருக்கென்று ஒதுங்குவது நாலரை ரூபாய், அல்லது ஒன்றரை ரூபாய்! கஜானாவுக்குப் போகும் ராயல்டியும் பொதுப்பணம்தான், மெய். ஆனால் தோப்பு விற்ற பணத்தை வருஷ வரவில் எழுதிச் செலவழிப்பது நல்ல காரியஸ்தனின் கணக்கல்ல.

இனி நம் லாரிக்காரன். பிறர் பாவத்துக்கு மனம் பொருந்தி உடந்தையாவது வேறு, மனம் பொருந்தாமல் தன் தொழிலைச் செய்வது வேறு என்று வேதசாஸ்திரிகள் பிரித்துச் சொல்லுவார்கள். சட்டத்தின் குறைகளுக்கு அவன் உத்தரவாதியல்ல. உத்தரவு பெற்ற குவாரியில் நடைச்சீட்டோடு ஓட்டுகிறவரை அவன் கூலி நேர்மையான கூலி. தாயாரிடம் தைரியமாகச் சொல்லட்டும். நடைச்சீட்டில்லாமல் இராத்திரியில் ஓட்டினால், அது பொதுச்சொத்தைத் திருடுவது. ஏழாம் கற்பனைக்கு விரோதம். திருப்பிக் கொடுக்கும் கடமையும் உண்டு. ஆனால் அதில் வரிசை இருக்கிறது: பொருளை வைத்திருப்பவன் முதலில், ஏவினவன் அடுத்து, கூலியாள் அதற்கும் பிறகு.

இதுவரை அன்றே சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் மறுத்தால் வேறொருவன் ஓட்டுவான் சுவாமி. கல்லும் போய்விடும், என் வேலையும் போய்விடும்" என்றான். அங்கேதான் நின்றுவிட்டேன். கல்லைக் காப்பாற்றும்படி அவனை யாரும் கேட்கவில்லை. திருடும் கை அவனுடையதாயிருக்க வேண்டாம் என்பதே கேள்வி. ஆனால் அப்படி மறுத்த மாதம் அவன் வீட்டில் அடுப்பு எரிவது யார் பொறுப்பு? அவனுக்கு உபதேசம் செய்த நான் அதைக் கேளாதவன்போல் பூசைக்குப் போகலாமா?

வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசியிருக்கிறேன். வருகிற செவ்வாய் சாயங்காலம் பங்குவீட்டில் கூடுகிறோம். அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கூட ஓட்டுகிற இரண்டு பேரையும் அழைத்துவருவானாம்.