சிரிக்க வைத்தவரோடு நட்பு

தன்னை அறியாத ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் அன்பை நட்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி அறவியலில் மிகப் பழையது. திரைப்படம் வந்த பின்னர் அது கோடிக்கணக்கானோரின் அன்றாட வாழ்வைத் தொடும் கேள்வியாகவும் ஆகிவிட்டது. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பரந்துள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால் இக்கேள்வியின் கூர்மை நன்கு புலப்படும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த அம்மலைப் பகுதியில், 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய பின், கொழுந்து பறிக்கும் வேலையைப் பல தலைமுறைகளாகப் பெரிதும் தமிழர்களே செய்துவந்தனர். அவர்கள் திரையில் கண்டு சிரித்த சென்னை நகைச்சுவை நடிகரின் பெயரைத் தோட்டம் முழுவதும் அறியும். தோட்டத்தில் ஒருவர் பெயரையும் அந்நடிகர் அறியார். இவ்வாறு ஒருபக்கமாகவே ஓடும் அறிமுகத்தில் பிறக்கும் அன்பு எத்தகையது, அந்த நடிகர் ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பிறகு அது நட்பாக மாறக்கூடுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

தோட்ட வாழ்க்கை, துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), தண்டல் (கண்காணி), தொழிலாளி என்று படிப்படியாகக் கீழிறங்கும் அடுக்குகளைக் கொண்டது. விடியலில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, வந்து நிற்பதில் தொடங்கி, பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்புவது வரை, எதிர்த்துப் பேச இடமில்லாத நாளாகவே அது கழியும். கோயில் திருவிழாவை ஒட்டித் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டப்பட்ட இரவுகளில், முதலாளியின் சொல்லை அவர் முன்னாலேயே திரித்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வேலைக்காரனைத் திரையில் கண்டவர்கள், தங்களால் சொல்ல முடியாததைத் தங்களில் ஒருவன் சொல்லக் கேட்டார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் என்கிறது. தமிழ்த் திரையின் சிறந்த நகைச்சுவைக் கலைஞர்கள் பேதைமையைப் போர்த்திக்கொண்டு எள்ளலைச் செய்தவர்கள். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபம், நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, இறைவனைக் காணத் துடித்த அடியாருக்குப் பதிலாகக் கல்விக்குத் துடித்த ஒருவனை அதன் நாயகனாக்கியது. பிள்ளைகளைக் கரையேற்றத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றையே நம்பியிருந்த மக்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திராது.

கதாநாயகர்மீது கொள்ளும் பற்றும் நகைச்சுவை நடிகர்மீது கொள்ளும் பற்றும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கதாநாயகரின் பதாகைக்குப் பாலாபிஷேகம் நடக்கிறது, அவருக்காக மண்சோறு உண்போரும் மொட்டையடிப்போரும் இருக்கிறார்கள். சிரிக்க வைத்தவருக்கு இவற்றுள் ஒன்றும் நடப்பதில்லை. ‘தலைவர்’ என்று கதாநாயகரைச் சொல்லும் அதே வாய், நகைச்சுவை நடிகரை ‘வந்துட்டான்யா’ என்று ஒருமையில் வரவேற்கிறது. இதை அவமதிப்பாக எண்ணுவது தவறு. வழிபாடு தொலைவை வேண்டுவது, சிரிப்போ தொலைவைக் குறைப்பது. எனவே நட்பு என்ற ஒன்று திரைக்கும் திடலுக்கும் இடையே முளைக்கக்கூடுமானால், அதற்கு ஏற்ற நிலம் நகைச்சுவையே.

காணாமலே கொள்ளும் நட்புக்குத் தமிழ் மரபில் தொன்மையான சான்று உண்டு. திருக்குறளின் நட்பு அதிகாரம், பலகாலம் சேர்ந்து பழகுதல் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே நட்பின் உரிமையைத் தரும் என்கிறது (785). அதற்கு உரை கண்ட பரிமேலழகர், கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: ஒருவரையொருவர் நேரில் காணாத சோழ அரசனும் பாண்டிநாட்டுப் புலவரும் ஒருவர்பால் ஒருவர் கொண்ட அன்பினால், அரசன் வடக்கிருந்து, அதாவது உணவு மறுத்து, உயிர்விடத் துணிந்தபோது புலவரும் வந்து சேர்ந்தார். ரசிகர்களின் அன்புக்குச் சார்பாகப் பேசுவோர் இக்கதையைத் துணைக்கு அழைப்பது எளிது. ஆனால் அது அவர்களுக்கு முழுத் துணையாகாது. புலவர் வருவார் என்று உறுதியாகச் சொல்லி அவருக்கும் ஓரிடம் ஒதுக்கச் செய்தவன் அரசன். காணாவிட்டாலும் இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதே அந்நட்பின் உயிர்நாடி; குறள் சொல்லும் ஒத்த உணர்ச்சிக்கும் இரண்டு உள்ளங்கள் வேண்டும்.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் இவ்வேறுபாட்டைத் துல்லியமாகப் பிரிக்கிறார். போட்டிக்களத்தில் ஆடுவோர்மீது பார்வையாளருக்குத் திடீரென்று ஒரு நல்லெண்ணம் எழுகிறது. அவர் வெல்ல வேண்டும் என்று மனம் விரும்புகிறது. ஆயினும் அவருக்காக எதையும் செய்ய முன்வருவதில்லை, அவருக்கும் அது தெரியாது. இந்த நல்லெண்ணத்தை, உருவக வழக்கில், செயலற்ற நட்பு என்று சொல்லலாம் என்றும், அது நீடித்துப் பழக்கமாக வளர்ந்தால் நட்பாகலாம் என்றும் அவர் கூறுகிறார். திடலில் துணிக்கு முன் அமர்ந்திருந்தவரின் அன்பு இதுவே. தாம் பறித்த கொழுந்தை யார் குடித்துப் பசியாறினார் என்று தோட்டத்தொழிலாளி அறியாததைப் போலவே, தாம் சொன்ன வேடிக்கை எந்த லயத்தில் எவர் துயரை ஒருநாள் ஆற்றியது என்பதை நடிகரும் அறிவதில்லை. இருவரும் கொடுக்கிறார்கள், எவருக்கு என்பதுதான் தெரிவதில்லை.

நடிகர் தொழிலில் இருக்கும்வரை இந்நிலை மாறுவது அரிது, ஏனெனில் கூட்டத்தைக் கூட்டமாகத்தான் அவர் அறிய முடியும். ஓய்வு அந்தத் தடையை நீக்குகிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரலின் இறுதிக் காலம். 1957இல் திரையில் தம் இணையாக நடித்த தோழர் ஆலிவர் ஹார்டி மறைந்தபின் மீண்டும் நடிக்க மறுத்துவிட்ட லாரல், கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தபோது, தம் பெயரைத் தொலைபேசி விவரக்கொத்தில் மறைக்காமல் இருக்கவிட்டார். அழைத்தவர்களோடு பேசினார், கடிதம் எழுதியவர்களுக்குத் தாமே பதில் எழுதினார், வந்தவர்களை வீட்டுக்குள் அழைத்தார். 1953இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், லாரலும் ஹார்டியும் மேடை நிகழ்ச்சிக்கு வந்திருந்தபோது அவர்களைச் சந்தித்த ஜான் மெக்கேப் என்ற மாணவர், அந்த அறிமுகத்தை நட்பாக வளர்த்து, 1961இல் அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ரசிகர்கள் வாயிலில் நிற்பது எங்கும் உள்ளது. கலைஞர் தம் பக்கத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தார் என்பதுதான் இங்கே நட்பைப் பிறப்பித்தது.

அப்படிப் பிறந்த நட்பு என்ன செய்தது என்பது இன்னும் சுவையானது. விவரக்கொத்தில் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்த நடிகர் டிக் வான் டைக், பின்னர் தம் தொலைக்காட்சித் தொடரில் லாரலைப் போல நடித்துக்காட்டிவிட்டு, எப்படி இருந்தது என்று அவரிடமே கேட்டார். முதியவர் பாராட்டினார், பாராட்டியதோடு நிற்காமல், தொப்பி சரியில்லை, காலணி சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். லாரலின் தனித்த நடைக்குக் காரணம் அவர் காலணியின் குதிகட்டையை எடுத்துவிட்டு நடந்ததே. அது திரையைப் பார்த்துச் சிரித்தவர்களின் கண்ணுக்குத் தப்பிய நுட்பம். நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்காக அன்று, நண்பர் நெறி தவறும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்காக என்று வள்ளுவர் சொல்வதை (784), நகைச்சுவைக்கு எதிரான கடுமை என்று சிலர் கருதுவதுண்டு. அந்தத் தொலைபேசி உரையாடலை வைத்துப் பார்த்தால் அக்குறளின் கருத்து விளங்கும்: ரசிகர் சிரிப்பைப் பெறுகிறார், நண்பரோ திருத்தத்தைப் பெறுகிறார். மேலும், புறங்கூறாமை அதிகாரத்தில், மகிழப் பேசி நட்புக் கொள்ளத் தெரியாதவர்களே நண்பர்களைப் பிரிப்பவர்கள் என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான் (187). எனவே சிரிப்பு அவர் கருத்தில் நட்பின் வாயில், அதன் பயன் அன்று.

வாயிலிலேயே நின்றுவிட்ட நட்புக்கு டி. எஸ். எலியட், கிரவுச்சோ மார்க்ஸ் ஆகிய இருவரின் கதையைக் காட்டலாம். நோபல் பரிசு பெற்ற கவிஞர், நகைச்சுவை நடிகரிடம் புகைப்படம் கேட்டு எழுதினார். வேடமில்லாத படம் வந்ததும், மீசையும் சுருட்டும் உள்ள படம்தான் வேண்டும் என்று மறுபடி எழுதினார். 1964இல் லண்டனில் எலியட் வீட்டு விருந்துக்குச் சென்ற கிரவுச்சோ, கவிஞரின் படைப்புகளையும் ‘லியர் மன்னன்’ நாடகத்தையும் படித்துத் தயாராகப் போயிருந்தார். கவிஞரோ பழைய படக் காட்சிகளைப் பற்றியே பேச விரும்பினார். ஒவ்வொருவரும் மற்றவரின் வேடத்தைத் தேடி வந்ததால் இரண்டு ரசிகர்கள் ஒரு மேசையில் உணவருந்தினார்கள் என்பதற்கு மேல் அவ்விரவைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான சான்று நாகேஷுக்கும் கமல்ஹாசனுக்கும் இடையே இருந்த உறவு. தாராபுரத்தில் 1933இல் பிறந்த நாகேஷ், ‘காதலிக்க நேரமில்லை’ (1964), ‘திருவிளையாடல்’ (1965) ஆகியவற்றின் மூலம் கேமரன் மலை வரை எட்டிய புகழின் உச்சியிலிருந்து காலப்போக்கில் இறங்கியவர். முற்றாக ஓய்வு பெறாவிட்டாலும் அவருக்குரிய வேடங்கள் அருகின. அவருடைய கலையை வியந்து பேசிவந்த கமல்ஹாசன், தாம் பங்குகொண்ட படங்களில் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தார். 1994இல் மட்டும் இரண்டு: ‘மகளிர் மட்டும்’ படத்தில் பேச்சும் அசைவும் இல்லாத பிணமாகக் கிடந்து சிரிக்க வைத்தார், ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். ‘திருவிளையாடல்’ படத்தில் ஏற்ற பழைய தருமி வேடத்தைத் திரும்பச் செய்துகாட்டும்படி கேட்டிருந்தால் அது ரசிகரின் வேண்டுகோளாக இருந்திருக்கும். சிரிக்க வைத்தவரிடம் அழுகையும் இருக்கிறது என்று நம்பி அதைக் கேட்டவர், ரசிகர் நிலையைக் கடந்துவிட்டவர்.

இனிச் சமயத்தின் பக்கம் வரலாம். கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிதாகையால் அவர்களிடையே நட்பு நிலைக்காது என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு. சைவம் இதை ஏற்பதில்லை. இறைவனை அடையும் நெறிகளாகச் சைவ சித்தாந்தம் சொல்லும் நான்கனுள், அடிமை நெறியும் மகன்மை நெறியும் போலத் தோழமை நெறியும் ஒன்று. அதற்குச் சான்றாகச் சுட்டப்படுபவர், தம்பிரான் தோழர் எனப் பெயர்பெற்ற சுந்தரர். திருவெண்ணெய்நல்லூரில் கிழவேதியராக வந்து அடிமை ஓலை காட்டி வழக்காடிய இறைவனைப் பித்தன் என்று ஏசியவர், பிற்காலத்தில் தம் மனைவி பரவையாரின் ஊடல் தணிக்க அவனையே நள்ளிரவில் தூதாக நடக்கவிட்டார். ஆனால் பெரியபுராணம் கூறும் வரிசை கருதத்தக்கது: அடிமை என்பது வழக்கில் உறுதியான பின்னரே தோழமை வருகிறது, அதையும் திருவாரூரில் இறைவன் தானே அருளுகிறான். உயர்ந்த பக்கத்திலிருந்து அளிக்கப்படாமல் தோழமை இல்லை என்ற அளவில், சாண்டா மோனிக்காவின் தொலைபேசியும் திருவாரூரின் அருளும் ஒரே இலக்கணத்துக்குள் அடங்குகின்றன.

அந்த ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. அன்பு வலையில் அகப்படும் இறைவனை அடியார் விடாமல் பிடிக்கலாம் என்று சமயம் சொல்கிறது. மனிதராகிய கலைஞரை அப்படிப் பிடிக்க எவருக்கும் உரிமை இல்லை. கவுண்டமணியைப் போல, தலைமுறைகளைச் சிரிக்க வைத்துவிட்டுப் பேட்டிகளையும் பெரும்பாலும் தவிர்த்து ஒதுங்கியிருப்பவரை, அன்பில்லாதவர் என்று குறைகூறும் ரசிகர், அடியாருக்குரிய உரிமையை நண்பருக்குரியதாக மயங்குகிறார். சுந்தரர் வழக்கிலாவது காட்டுவதற்கு ஓர் ஓலை இருந்தது, அதுவும் ஆண்டவன் கையில்தான் இருந்தது. ரசிகர் கையிலோ கலைஞரைக் கட்டுப்படுத்தும் ஓலை எதுவும் இல்லை, நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த கணக்கு அன்றைய சிரிப்போடு தீர்ந்துவிட்டது.