குதிரை காணாத கம்பு

பெங்களூரின் புறநகரிலுள்ள ஒரு லாயத்தில், குதிரைப்படையில் சேவித்து ஓய்வு பெற்ற குருவும், பகலெல்லாம் கணக்குப் பேரேடுகளில் உழன்று விடியற்காலைகளில் மட்டும் சேணம் ஏறுகிற சீடனும் வைக்கோல் கட்டின்மேல் அமர்ந்திருக்கிறார்கள். முந்திய ஞாயிறன்று நடந்த தாண்டல் போட்டியில், ஐந்தாம் தடைக்கு முன்னால் குதிரை இருமுறை நின்றுவிட்டமையால் சீடன் களத்தினின்றும் வெளியேற்றப்பட்டிருந்தான்.

சீடன்: ஐயா, எட்டு மாதம் ஒரு விடியலும் தவறாமல் உழைத்தேன். பயிற்சியின்போது ஒரு மீட்டர் உயரத்தை அநாயாசமாகத் தாண்டிய அதே குதிரை, ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி மணியடித்த மாத்திரத்தில் எனக்கு அந்நியமாகிவிட்டதே! நான் நொந்துகொள்ள வேண்டியது என் விதியையா, அந்தக் குதிரையையா?

குரு: நோவதைப் பிறகு வைத்துக்கொள்வோம். ஐந்தாம் தடையை நெருங்குகையில் உன் கண் எங்கே இருந்தது?

சீடன்: மேற்கம்பில். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த கம்பு; ஓரிடத்தில் சாயம் உரிந்திருந்ததுகூட இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

குரு: உரிந்த சாயம் தெரிகிற மட்டும் குனிந்திருக்கிறாய். சரி, குதிரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

சீடன்: அதே கம்பைத்தான் பார்த்திருக்கும்.

குரு: இல்லை. தலையின் இரு புறங்களிலும் கண்கள் அமைந்திருப்பதனால் குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை தெரியுமாயினும், நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடம் தெரிவதில்லை. ஆகவே தூரத்திலிருந்து கண்டதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கிட்டே வந்து எழும்புகிற அந்தக் கணத்தில் கம்பைக் காணாமலேதான் அது எழும்புகிறது. காணாததைத் தாண்டத் துணிந்த பிராணியின் வாயில், கண்டு அஞ்சிய நீ கடிவாளத்தைப் பிடித்து இழுத்தாய். எழும்புவதற்குக் கழுத்தை நீட்ட வேண்டிய வேளையில் கழுத்தைக் கட்டிப்போட்டால் அது நிற்காமல் வேறென்ன செய்யும்?

(சீடன் தன் உள்ளங்கையைப் பார்க்கிறான். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே வார் அறுத்த சிவந்த கோடு இன்னும் ஆறவில்லை.)

சீடன்: அப்படியானால் பயத்தை வேரோடு பிடுங்க வழி சொல்லுங்கள். இந்திரியங்கள் குதிரைகள், மனமே கடிவாளம், புத்தி சாரதி என்று கடோபநிஷத்தில் உண்டல்லவா? சாரதி திடமாயிருந்தால் குதிரைகள் அடங்கும் என்று நம்பித்தான் பற்களைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

குரு: உபநிஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரதத்துக் குதிரைகளுக்குத் தனி மனம் கிடையாது. இந்த லாயத்தில் கொள்ளு தின்கிறவற்றுக்கு உண்டு. உவமையை மெய்யென்று எடுத்துக்கொண்டு ஏறுகிறவன், தனக்குக் கீழே இன்னொரு ஜீவன் இருப்பதை மறந்துபோகிறான். 2009-இல் சுவீடன் தேசத்தார் வெளியிட்ட ஒரு பரிசோதனையைக் கேள். குதிரையோடு நான்கு முறை போய்வரச் சொல்லி, நான்காம் முறை ஒரு குடை திடீரென்று விரியும் என்று மனிதர்களுக்கு மட்டும் முன்கூட்டிச் சொன்னார்கள். குடை விரியவேயில்லை. ஆயினும் மனிதனுடைய நாடியோடு குதிரையினுடையதும் ஏறிற்று.

சீடன்: பற்களைக் கடித்து மறைத்தாலும் அதற்குத் தெரிந்துவிடுமா?

குரு: மறைக்கிற முயற்சியே தொடையிலும் மணிக்கட்டிலும் இறுகி நிற்கிறதே! பயம் வரட்டும், யோசிக்கத் தெரிந்தவனுக்கு வராதிருந்தால்தான் எனக்குக் கவலை. மூச்சை வெளியே விடு. பார்வையைக் குதிரையின் இரு காதுகளுக்கு இடையே, தடைக்கும் அப்பாலுள்ள மரத்தின்மேல் வை. பயம் நெஞ்சோடு இருந்துகொள்ளட்டும், விரலுக்கு இறங்க வேண்டாம்.

சீடன்: அது கைகூடலாம், ஐயா. ஆனால் வேலியோரத்தில் நின்றவர்களின் முகங்கள்... அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை நானே அழைத்து வந்திருந்தேன்.

குரு: ஓ, வலி அங்கேயா இருக்கிறது! (சிரிக்கிறார்.) இந்த ஊர்ப்பிள்ளை ஃபுவாத் மிர்ஸா, 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் முதற்கட்டம் முடிந்தபோது 9-ஆம் இடத்தில் இருந்தார், எல்லாம் முடிந்தபோது 23. உலகமே அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது! உன்னைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அவர்களும் சிற்றுண்டியை விசாரித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

சீடன்: அவர் தொழில்முறை வீரர். நானோ ஆசைக்காக ஏறுகிறவன்.

குரு: ஆசைக்காக ஏறுகிறவனுக்கு ஏன் தோல்வி இத்தனை கசக்கிறது?

(சீடன் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. உள்ளே குதிரை வாளியைக் காலால் தட்டுகிறது.)

சீடன்: ஞாயிற்றுக்கிழமை களத்தைவிட்டு வெளியே வந்ததும் சேணத்தை ஆள்காரனிடம் எறிந்துவிட்டுப் போனேன். குதிரையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குரு: பார்த்தேன். அதன் வாயின் இடது ஓரத்தில் சிறு புண் இருக்கிறது. வெந்நீரும் பஞ்சும் அந்த அலமாரியில் இருக்கின்றன. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போ.

சீடன்: மறுபடி எப்போது தாண்டலாம்?

குரு: புண் ஆறட்டும். அதுவரை கடிவாளமில்லாமல், கழுத்துக் கயிறு மட்டும் பிடித்து நடத்திக்கொண்டு போ. அது எங்கே நிற்கிறதோ அங்கே நீயும் நில்.