தூபப் புகையும் வழிபாடும்

தூத்துக்குடிக் கரையில் மூன்று சமயங்களும் மரப்பிசினைக் கனலிலிட்டுப் புகைக்கின்றன. கோயிலில் குங்கிலியம், 1713இல் கட்டப்பட்ட பனிமய மாதா பேராலயத்தில் குந்திரிக்கம், தர்காக்களில் சாம்பிராணி. கடவுளுக்கு மணம் தேவையா என்ற கேள்வி மூன்றுக்கும் பொது.

சைவத்தின் விடை குங்கிலியக்கலய நாயனார் வரலாற்றில் இருக்கிறது. திருக்கடவூரில் வறுமையுற்ற அவர், நெல் வாங்க மனைவி தந்த தாலியைக் கொடுத்து ஒரு பொதி குங்கிலியம் வாங்கினார். வீட்டில் பிள்ளைகள் பசித்திருந்ததைப் பெரியபுராணம் மறைக்கவில்லை. அன்பின் அந்தக் கடுமை இன்றும் உறுத்துகிறது. இங்கே இறைவன் ஏற்பது மணத்தை அல்ல, கொடுப்பவர் இழக்கத் துணிந்ததை.

கத்தோலிக்க வழிபாட்டில் புகை, மேலெழும் மன்றாட்டின் அடையாளம். தூபக்கலசத்துக் கரித்துண்டின்மேல் ஒரு கரண்டி குந்திரிக்கம் விழுந்ததும் மணிகள் இளகிக் கொப்புளித்து, பிறகே வெண்புகை கிளம்பும். பலிபீடத்துக்கும் நற்செய்தி நூலுக்கும் காட்டிய அதே தூபத்தை மக்களுக்கும் காட்டுவார்கள். இந்தக் கரையில் முத்துக்குளித்த பரதவ மக்களின் உடலும் புனிதம் என்பதே இதன் பொருள். இஸ்லாத்தில் நறுமணம் படையல் அன்று, தூய்மையும் மரியாதையும்.

மருந்திலும் இதே பிசின்கள்தாம். குங்கிலியத்தை இளநீரில் தூய்மைசெய்து முடிக்கும் பற்பத்தைச் சித்த மருத்துவர் நீர்க்கடுப்புக்குத் தருவர். குங்கிலிய வெண்ணெய் புண்ணுக்குப் பூசப்படும். தலைகுளித்த குழந்தையின் ஈரமுடிக்கு வீடுகளில் சாம்பிராணி காட்டுவதுண்டு. ஆனால் அடைத்த அறையில் அடர்புகை மூச்சுக்குழலுக்குக் கேடு.