கருவியைச் சார்ந்த சொல்

சொல்லின் பொருள் சொல்லிலேயே தங்கியுள்ளதா, அன்றி அதனைத் தாங்கிவரும் கருவியையும் சார்ந்துள்ளதா என்பது மெய்யியலாருக்குப் பழகிய வினாவே. கணினித் தமிழின் வரலாற்றை நோக்குமிடத்து அது அறவியல் வினாவாகவும் ஆகிவிடுகின்றது.

யுனிகோட் பரவுவதற்கு முன்னர் ஈழத்தவரிடையே பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று தட்டச்சிடும்போது கணினியிற் பதிவாவன ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. தமிழ் வடிவம் காட்சியில் மட்டுமே உண்டு. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்பவர் காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. எழுதியவர் சரியான விசைகளையே அழுத்தினார். எனினும் அவர் சொல் சென்று சேரவில்லை.

விசைகளின் ஒழுங்கிலும் இச்சிக்கல் உண்டு. 'கொ' என எழுதப் பாமினியில் முதலிற் கொம்பு, பின்னர் ககரம், இறுதியில் அரவு; இது கை எழுதும் முறை. 1991இல் தமிழுக்கு இடமளித்த யுனிகோட்டோ ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கின்றது. இது நா ஒலிக்கும் முறை. ஒலியையே எழுத்தெனக் கொண்ட நன்னூலார் இரண்டாவதன் பக்கமே நின்றிருப்பார் எனத் துணிந்து கூறலாம்.

எழுத்து யாவும் ஏதேனும் ஒன்றைச் சார்ந்ததுதானே என ஒருவர் மறுக்கலாம். உண்மையே. ஓலைச்சுவடியிற் புள்ளி இல்லை. குறில் நெடிற் கொம்பு வேறுபாடும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் இடமறிந்தே அவற்றைத் தெளிய வேண்டியிருந்தது. ஆயின் ஓலை தன் குறையை மறைக்கவில்லை. வாசிப்பவர் எதனைத் தாம் நிரப்பவேண்டும் என்பதை அறிந்தே அதனைக் கையிலெடுத்தார். எழுத்துருவின் பெயர் நீங்கிய கோப்போ தான் எதனைச் சார்ந்துள்ளது என்பதையே கூறாது. சார்ந்திருத்தல் குற்றமன்று, சார்பை மறைத்தலே குற்றம் என்பது என் கருத்து.

பொறியியலாளர் இதனை முன்னரே உணர்ந்தனர். மாதிரியுரு வரையும் நிரல்களின் கட்டளைகள் ஒரு காலத்தில் குறிப்பிட்ட திரைக்கும் வரைபொறிக்குமென எழுதப்பட்டன. கருவி மாறினால் நிரலையும் மாற்றவேண்டும். 1985இல் சர்வதேச நியமமாகிய ஜீ.கே.எஸ். என்னும் வரைகலை முறைமை, கருவி எதுவாயினும் ஒரே கட்டளையை வழங்க இடமளித்தது. அதனினும் சிறப்பாக, 'உன்னால் இயல்வது யாது?' என நிரல் கருவியை வினவவும் அதில் வழியுண்டு. இவ்வினவுதலை நான் ஒருவகை மரியாதையாகவே காண்கின்றேன்.

பாமினிக் கோப்புகளை இன்று மாற்றிகள் யுனிகோட்டாக மாற்றித் தருகின்றன. ஆனால் இடையிடையே ஆங்கிலம் கலந்த வெற்றுக் கோப்பில் எது ஆங்கிலம், எது தமிழ் என்பதற்கு அடையாளமில்லை. அனைத்தையும் மாற்றினால் ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். அவற்றைப் பிரித்தறிய மனிதர் ஒருவர் வரிவரியாக வாசித்தேயாக வேண்டும். எழுதியவர் உயிருடன் இருந்தால் அவரிடம் கேட்கலாம்.